வேலைப் பாடுவோம் என்றேன்

அடிபட்டுத் துடிக்கும் விலங்குகளைச் சுட்டுக் கொல்வது என் மகளின் தொழிலாக இருந்தது. இந்த வாக்கியத்தை எழுத்தில் வைக்க எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. புலால் புகாத அடுக்களையும் காலை மாலை பதிகம் ஓதும் வழக்கமும் உள்ள வீட்டில் பிறந்தவள் அவள். ஆனால் ஒஸ்லோவைச் சுற்றியுள்ள காடுகளைக் கிழித்துக்கொண்டு நெடுஞ்சாலைகள் போகின்றன. எல்க் எனப்படும் பெரிய காட்டுமானும் சிறு மான்களும் அவற்றைக் கடக்கின்றன. முதுகெலும்பு முறிந்து, எழவும் மாட்டாமல் இறக்கவும் மாட்டாமல் சாலையோரத்தில் கிடக்கும் உயிருக்கு யாராவது முடிவு கொடுக்க வேண்டும். அதற்கென்று நகராட்சிகள் ஆட்களை வைத்திருக்கின்றன. வேட்டைத் தேர்வில் தேறி, துவக்கு வைத்திருக்க அனுமதி பெற்ற அந்தச் சிலருள் ஒருத்தியாக என் மகள் இருந்தாள். துப்பாக்கியை நாங்கள் துவக்கு என்றே சொல்வோம்.

அவள் இவ்வேலையில் சேர்ந்த புதிதில் நான் அவளோடு அதிகம் கதைக்கவில்லை. ஒருநாள் ஒஸ்லோவின் ரொம்மனில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று சொன்னாள்.

“அப்பா, நான் போகாட்டி அது பின்னேரம் வரைக்கும் கிடந்து சாகும். நீங்கள் கும்பிடுற சாமி அதைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லுமோ?”

பாசத்தை அறுப்பவன் என்று இறைவனை ஆயிரம் முறை பாடியிருக்கிறேன். அறுப்பதும் அருள் என்பதை என் பிள்ளை ஒரு சாலையோரத்தில் நின்று கண்டிருக்கிறாள் என்று பின்னர் எண்ணிக்கொண்டேன். அந்த ஆண்டு நவராத்திரி வந்தபோது, ஆயுத பூசைக்கு அவளுடைய தொழிற்கருவியையும் கொண்டுவரச் சொன்னது நான்தான். அவளை நான் ஏற்றுக்கொண்டேன் என்பதை அதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

“துவக்கை வெளியிலை கொண்டுதிரிய ஏலாது அப்பா. பெட்டகத்துக்குள்ளைதான் இருக்கோணும். சட்டம்.”

அதற்குப் பதிலாக அவள் கொண்டுவந்தது உள்ளங்கையில் அடங்கும் இரும்புத் துண்டு ஒன்று. துவக்கின் பின்புறத்தில், குண்டை உள்ளே தள்ளி வாயை அடைக்கும் உறுப்பு. அவளுக்கு முதல் துவக்கை விற்ற முதிய வேட்டைக்காரர், அதில் தேய்ந்துபோய் மாற்றிய இந்தப் பழைய துண்டையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். அதன் நோர்வீஜியப் பெயரில் ‘முடிவு’ என்று பொருள்படும் சொல்லும் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். எங்கள் ஊரில் ஆயுதத்துக்குப் பெயர் துவக்கு, இவர்கள் நாட்டில் அதன் உறுப்புக்குப் பெயர் முடிவு. நானும் சிரித்தேன். பித்தளை வேலின் அடியில், என் மனைவியின் கத்தரிக்கோலுக்கும் தேங்காய்த் திருவலைக்கும் நடுவே அதை வைத்துச் சந்தனமும் குங்குமமும் சாத்தினோம். பூசை முடிந்ததும் மகள் அதைத் திரும்ப எடுத்துப் போவாள். அப்படிச் சில ஆண்டுகள் நடந்தது. பிறகு அவள் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிக் குடிபோனாள். அந்தக் குழப்பத்தில் துண்டு எங்கள் பூசைச் சாமான் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது. பஞ்சபாத்திரம் எப்படி எங்கள் கண்ணுக்குப் பாத்திரமாகத் தெரியாதோ, அப்படியே அதுவும் பின்னர் இரும்பாகத் தெரியவில்லை.

இதற்கிடையில் சட்டம் மாறியது. இந்நாட்டின் இளம்பிள்ளைகள் ஒரு கோடைநாளில் ஒரு தீவில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அந்தச் சட்டம் வர வேண்டும் என்று நானும் வேண்டினேன். அது வந்தபோது வாழ்த்தினேன். விசையை ஒருமுறை இழுத்ததும் அடுத்த குண்டு தானாக வந்து அமரும் அரைத் தானியங்கித் துவக்குகளில் பல வகைகள் விலக்கப்பட்டன. வேட்டைக்கு உரியவை என்று சில விடப்பட்டன. எது எந்தப் பக்கம் என்று அறிவது எளிதாக இருக்கவில்லை. அந்த வேட்டைக்காரரிடம் மகள் வாங்கிய துவக்கு விலக்கப்பட்ட பக்கத்தில் விழுந்தது.

“ரெண்டு வகையும் ஒரே கடையிலை பக்கத்திலை பக்கத்திலை நிண்டது அப்பா. ஒண்டு ஆகும், மற்றது ஆகாது. பேரையும் மாதிரியையும் பாத்துத்தான் சொல்லுவினம். சரி, விடுங்கோ. சட்டமெண்டால் ஒரு கோடு கீறத்தானே வேணும்.”

முறுமுறுப்பின்றி அதைக் காவல்துறையிடம் ஒப்படைத்தாள். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்து நிரப்பும் வேறொரு துவக்குக்கு அனுமதி பெற்றாள். தொழில் தொடர்ந்தது. பெட்டிக்குள் இருந்த துண்டை ஒருவரும் நினைக்கவில்லை.

அதற்குப் பின் வந்த நவராத்திரி ஒன்றில்தான் அது நினைவுக்கு வந்தது. முந்திய ஆண்டுகளில் பூசை நாளன்று அவளுக்கு அழைத்தால் ஓட வேண்டிய தொலைபேசிக் கடமை இருந்ததால் வரவில்லை. அன்று வந்திருந்தாள். மனைவி பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, மகள் வாழைப்பழச் சீப்பைக் கையில் வைத்தபடி அசையாமல் நின்றாள்.

“அம்மா, இது இஞ்சையோ கிடந்தது?”

“பின்னை எங்கை கிடக்கும்? சாமியோடைதானே கிடந்தது.”

“இவ்வளவு காலமுமோ?”

“ஏன், அது என்ன உன்னட்டைச் சோறு கேட்டதோ?”

மகள் தரையில் அமர்ந்துவிட்டாள். பிறகு விளக்கினாள். இப்படியான உறுப்புத் தனியாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது முழுத் துவக்குத்தான். துவக்கே விலக்கப்பட்டதென்றால், இந்தத் துண்டும் விலக்கப்பட்டதுதான். பெட்டகத்துக்கு வெளியே, அனுமதி இல்லாதவர் வீட்டில், குத்துவிளக்குத் திரியோடு அது கிடந்திருக்கிறது.

“சரி, இப்ப என்ன?” என்றாள் மனைவி. “ஒருத்தருக்கும் தெரியாது. பூ, மாலையை ஆத்திலை விடுறமாதிரி இதையும் கொண்டுபோய்த் தண்ணியிலை விடு. சாமிக்கு வைச்சதுதானே, குத்தமில்லை.”

“அம்மா, என்னை நம்பித்தான் துவக்குத் தந்திருக்கினம். அந்த நம்பிக்கை மட்டும்தான் என்ரை அனுமதி. நானே ஒளிச்சால் அது போச்சு.”

அவளுக்கு எது போகக்கூடும் என்பது அன்று மாலையே எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது. துவக்கு அனுமதி போனால் தொழில் போகும். அந்தத் தொழிலுக்காகவே அவள் இரண்டு கல்லூரிப் படிப்புகளைப் பாதியில் விட்டிருந்தாள். அதில்தான் முதன்முறையாக இந்நாட்டவர் அவளை ‘எங்கை இருந்து வந்தனீங்கள்’ என்று கேளாமல், ‘நீங்கள் வந்தது நல்லது’ என்று சொன்னார்களாம்.

தானாகக் கொண்டுவந்து ஒப்படைப்பவருக்குத் தண்டனை இல்லை என்று சட்டம் சொல்கிறது. மறுநாள் காவல்துறைக்குத் தொலைபேசியில் அறிவித்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு போனாள். துடைத்துக்கொண்டு போ என்றேன். உள்ளதை உள்ளபடியே கொடுக்க வேண்டும் என்றாள். குழிவுகளில் குங்குமம் காய்ந்திருந்தது. அலுவலர் அதைப் பார்த்து, இந்தச் சிவப்பு என்ன என்று கேட்டிருக்கிறார். அப்பாவின் சமயச் சடங்கு என்றிருக்கிறாள். துண்டு இருந்த வீட்டின் உரிமையாளர் என்ற முறையில் என்னையும் விசாரிக்க வேண்டும் என்று அழைத்தார்கள்.

என் நோர்வீஜிய மொழி கடைக்கும் மருத்துவருக்கும் போதும், சட்டத்துக்குப் போதாது. மகள் மொழிபெயர்க்கக் கூடாது, அவளே விசாரிக்கப்படுபவள். எனவே ஒரு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தியிருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து சில ஆண்டுகளே ஆன இளம்பெண். மிகுந்த மரியாதையோடு எழுந்து வணங்கினாள். அலுவலர் என் கையில் காப்பிக் கோப்பையைத் தந்தார். மென்மையான குரல். அவரிடம் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

“இந்தப் பொருள் என்னன்னு உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கிறார், ஐயா.”

“துவக்கின்ரை துண்டு எண்டு தெரியும், பிள்ளை.”

“எதைத் துவக்குற துண்டு?”

“துவக்குறதில்லை. துவக்கு. நீங்கள் துப்பாக்கி எண்டு சொல்லுவியள்.”

“ஓ! மன்னிச்சுக்கங்க ஐயா. நான் ஸ்டார்ட் பண்றதுன்னு நினைச்சுட்டேன்.”

இருவரும் சிரித்தோம். அலுவலர் காத்திருந்தார். பிறகு அவர் கேட்டது, ஏன் இதற்குக் குங்குமம் சாத்தினீர்கள் என்று. ஆயுத பூசை என்றேன். அவள் சற்றுத் தயங்கி மொழிபெயர்த்தாள். அதில் ஆயுதத்துக்கான நோர்வீஜியச் சொல் எனக்குக் கேட்டது. அந்த அறையின் கதவிலேயே அச்சொல் எழுதியிருந்ததால் அதை அடையாளம் காண்பது கடினமாக இருக்கவில்லை. அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வேற என்னென்ன ஆயுதங்கள் வச்சுக் கும்பிடுவீங்கன்னு கேக்கிறார்.”

“என்ரை மனிசியின்ரை கத்தரிக்கோல். காரைப் பூட்டுற திறப்பு. மகளின்ரை கொம்பியூட்டர். என்ரை மூக்குக்கண்ணாடி. பிறகு தேங்காய்த் திருவலை.”

“திருவலைன்னா?”

“தேங்காய் திருவுறது, பிள்ளை. பல்லுப் பல்லாய் இருக்கும்.”

“துருவி! சரி சரி.”

அவள் சொல்லச் சொல்ல அலுவலரின் நெற்றி தளர்ந்தது. தேங்காய்த் துருவியை அவளைக் கையால் காட்டச் சொல்லி, புன்னகையும் செய்தார். அப்படியானால் இவை உங்கள் உழைப்புக்கான கருவிகளா என்றார். ஓம், எங்களுக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்றேன். அந்தச் சடங்கில் என்ன செய்வீர்கள் என்றார்.

“விளக்கேத்துவம். பிறகு வேலைப் பாடுவம்.”

அவள் தயக்கமே இல்லாமல் மொழிபெயர்த்தாள். உழைப்பு, தொழில் என்பதற்கான நோர்வீஜியச் சொல் அதில் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டில் வேலை செய்தவனுக்கு அந்த ஒரு சொல் மறக்குமா? அலுவலரின் முகம் முழுவதும் திறந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் இது எங்கள் மே முதலாம் நாளைப் போல, உழைப்பைப் பாடும் விழா என்றார்.

அவ்விடத்தில் நான் வாய் திறவாமல் இருந்திருந்தால் போதும். அப்பெண் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. ஆனால் நான் வேலைத்தான் பாடுகிறேன். அறிவு விழித்த நாள் முதல் அந்தக் கூர்முனையை நோக்கியே என் நா அசைந்திருக்கிறது. அதை ஒரு அலுவலகத்தில், எழுத்தில் பதிவாகும் இடத்தில், வேறொன்று என்று விட்டுவிட என்னால் இயலவில்லை.

“இல்லைப் பிள்ளை. வேலை இல்லை. வேல்.”

“வேல்... முருகனோட வேலா, ஐயா?”

“ஓம். வேல், சூலம், சக்கரம், வில். எங்கடை பாட்டெல்லாம் அதுகளைத்தான் பாடுது.”

அவள் என்னையே பார்த்தாள். சொன்னதை அப்படியே சொல்லும் கடமை அவளுடையது. அந்தப் பார்வையில் அவள் என்னிடம் வேறேதும் கேட்டாளா என்பது எனக்குத் தெரியாது. பிறகு மொழிபெயர்த்தாள். பேனா மீண்டும் அலுவலரின் கைக்கு வந்தது.

“அது உண்மையான ஈட்டியான்னு கேக்கிறார்.”

“உண்மைதான்.”

“எவ்வளவு நீளம்?”

“ஒரு சாண். பித்தளை.”

“கூர்மையா இருக்குமா?”

“ஞானத்தைப் போல.”

அதை அவள் எப்படி மொழிபெயர்த்தாள் என்று எனக்குத் தெரியாது. துவக்குத் துண்டு அந்த ஈட்டியின் பாதத்தில்தான் வைக்கப்பட்டதா என்றார். ஓம் என்றேன். அது புனிதமானதாகக் கருதப்பட்டதா என்றார். சாமிக்கு வைத்தது புனிதம்தானே என்றேன். கேள்விகள் ஒவ்வொன்றும் நேர்மையானவை. என் பதில்கள் ஒவ்வொன்றும் உண்மை. வெளியே வந்தபோது மொழிபெயர்ப்பாளப் பெண் நடைபாதையில் எனக்காகக் காத்திருந்தாள்.

“எங்க வீட்லயும் வண்டிக்குப் பொட்டு வைப்போம், ஐயா. அதை நான் உள்ள சொல்லக் கூடாது. நீங்க சொல்றதை மட்டும்தான் சொல்லணும்.”

“நீ சரியாத்தான் சொன்னனீ, பிள்ளை.”

“சரியாச் சொல்லிட்டேனேன்னுதான் கஷ்டமா இருக்கு.”

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி கரண்டியை அடுப்பங்கரையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“அந்தப் பிள்ளை வேலை எண்டு சொல்லிப்போட்டுது. அந்தாளும் நம்பிப்போட்டார். அது பாட்டிலை விட்டிருக்கலாமே, இஞ்சாருங்கோ. முருகன் வந்து உங்களிலை வழக்குப் போடுவாரோ?”

நான் போய்ப் பித்தளை வேலுக்கு முன் விளக்கேற்றினேன்.

சில கிழமைகள் கழித்துக் காவல்துறையின் முடிவு கடிதமாக வந்தது. துண்டைத் தானாகக் கொடுத்ததால் தண்டனை எதுவும் இல்லை. ஆனால் துவக்கு வைத்திருப்பவரிடம் சட்டம் எதிர்பார்க்கும் கவனம் அவளிடம் காணப்படவில்லை. விலக்கப்பட்ட ஓர் உறுப்பு, ஆயுதங்கள் சமய வணக்கத்துக்கு உரியவையாகக் கருதப்படும் வீட்டில் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்தது. ஆகவே அவளது எல்லா அனுமதிகளும் மீளப் பெறப்படுகின்றன. மகள் அதை எங்கள் மேசையில் வைத்து, வரிவரியாகத் தமிழில் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“அவை பிழையா ஒண்டும் எழுதேல்லை, அப்பா. எல்லாம் நீங்கள் சொன்னதுதான்.”

மேன்முறையீடு செய்தோம். ஆயுதம் என்ற சொல்லின் பொருட்பரப்பை விளக்கி நான் தமிழில் எழுதித் தந்தேன். எழுதும்போதே எனக்கு நம்பிக்கை குறைந்தது. கருவியும் ஆயுதமும் ஒரே சொல் என்று விளக்க விளக்க, இவர்களுக்குக் கருவிக்கும் ஆயுதத்துக்கும் வேறுபாடு தெரியாது என்றே அது வாசிக்கப்படும் என்பது விளங்கியது. மகள் அதை நோர்வீஜியத்தில் ஆக்கினாள். சில இடங்களில் பேனாவை நிறுத்தி, “இதை எப்பிடி அப்பா சொல்லுறது?” என்றாள். முடிவு மாற்றமின்றித் திரும்பியது.

அவளுடைய குழுத்தலைவர், நரைத்த தாடியும் வேட்டை நாயுமாக, லோறென்ஸ்கூக் வீட்டுக்கு வந்து ஒளிரும் மேற்சட்டையையும் கடமைத் தொலைபேசியையும் வாங்கிக்கொண்டு போனார். கண்கலங்கினாராம். ஆனாலும் வாங்கினார். துவக்கை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். இப்போது ஸ்ட்ரோம்மனில் ஒரு கடையின் களஞ்சியத்தில் பெட்டிகளை அடுக்குகிறாள். வேலை எப்படி என்று கேட்டால், சூடான இடம் அப்பா என்பாள்.

சென்ற மாரிகாலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டுபோக வந்தாள். காட்டை ஒட்டிய வளைவில் முன்னால் கார்கள் நின்றிருந்தன. இறங்கினோம். சாலையோரப் பனியில் ஒரு சிறு மான் கிடந்தது. பின்கால்கள் இரண்டும் உயிரற்று மடிந்திருந்தன. முன்கால்களால் பனியைக் கீறிக் கீறி எழப் பார்த்தது. மோதிய காரின் இளைஞன் தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றான். வர வேண்டியவர் வேறொரு விபத்துக்குப் போயிருக்கிறார், நேரமாகும் என்றார்களாம். அவன் என் மகளைப் பார்த்து, ஏதாவது செய்ய முடியாதா என்றான். தனக்கு அனுமதி இல்லை என்று அவள் சொன்ன நோர்வீஜிய வாக்கியம் எனக்கும் விளங்கியது.

இறக்கும் உயிரின் காதில் இறைவன் பெயரைச் சொல்வது எங்கள் வழக்கம். நான் பனிக்குள் கால் வைத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

“வேண்டாம் அப்பா. கிட்டப் போகாதேங்கோ.”

“ஒரு பதிகம் சொல்லுறன், பிள்ளை. மெல்லமாய்.”

“அதுக்கு நாங்கள் எல்லாரும் ஓநாய்தான். மனிச வாசம் வந்தால் இன்னும் பயந்து எழும்பப் பாக்கும். முறிஞ்சது இன்னும் முறியும். தூர நிக்கிறதுதான் அதுக்குச் செய்யிற உதவி.”

அந்த இளைஞனையும் மற்றவர்களையும் பின்னால் தள்ளினாள். கார்களின் விளக்குகளை அணைக்கச் சொன்னாள். சொல்லுக்கு எல்லாரும் பணிந்தார்கள். அவளுக்குத் தெரிந்தது எல்லாம் இன்னும் அவளிடம் இருந்தது.

தூரத்தில் நின்றோம். மான் தலையைத் தூக்கியது, விழுந்தது, மறுபடியும் தூக்கியது. நெடுநேரம் ஒரு வண்டியும் வரவில்லை. என் மகள் அதைப் பார்த்தபடியே நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டவன் நான்.